பீன்யா எடை மேடையும் காணாமல் போன காம் 5-உம்: ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

பெங்களூரு பீன்யாவில் பழைய இரும்பு வாங்கி விற்கும் ஒரு கிடங்கு. வாசலை ஒட்டி 60 டன் எடை மேடை. உரிமையாளர் தருமபுரிக்காரர். எடைச் சீட்டு போடும் அக்கா ஸ்ரீராமபுரத்திலிருந்து வேலைக்கு வருகிறவர். லோடு கொண்டுவரும் லாரிகளில் பாதி ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து வண்டிகள். நைஸ் ரோடு வழியாக வந்து தும்கூர் ரோட்டில் ஏறுபவை. அங்கே ஓடும் எடைச் சீட்டு மென்பொருளைப் பராமரிப்பது என் வேலை. விஷுவல் பேசிக் 6-இல் வேறொருவர் எழுதி, கைமாறி என்னிடம் வந்தது அது.

மேடைக்கு அடியில் இருக்கும் லோட் செல்கள் பாரத்தை மின்னழுத்தமாக மாற்றுகின்றன. அறைக்குள் இருக்கும் இண்டிகேட்டர் அதை எண்ணாக்கிச் சிவப்பு எழுத்தில் காட்டும். அதே எண்ணைச் சீரியல் கேபிள் (தரவை ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் கம்பி) வழியாகக் கணினிக்கும் ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். இந்த இண்டிகேட்டரின் வேகம் 2400 பாட், அதாவது நொடிக்கு 2400 பிட். ஓர் எழுத்துக்கு 10 பிட் வீதம் நொடிக்கு 240 எழுத்து. ஒரு எடை வரி 12 எழுத்து என்பதால் நொடிக்கு 20 வரி வரை வரும். இந்தக் கணக்கு பின்னால் உதவியது.

பழைய கணினியின் தாய்ப்பலகையிலேயே 9 பின் சாக்கெட் இருந்தது. இப்படிப்பட்ட சீரியல் இணைப்புகளுக்கு (போர்ட்) விண்டோஸ் காம் என்று ஒரு எண்ணோடு பெயர் வைக்கும். அதற்குப் பெயர் காம் 1. அந்த எண் மாறியதே இல்லை என்பதால் அதைப் பற்றி யாரும் யோசித்ததும் இல்லை. 2023 தொடக்கத்தில் அந்தக் கணினி செத்துப்போனது. புதிதாக வாங்கிய சின்னக் கணினியில் சீரியல் சாக்கெட் கிடையாது. எஸ்.பி. ரோட்டில் ஒரு யூஎஸ்பி-சீரியல் கேபிள் வாங்கிச் செருகினோம். விண்டோஸ் அதற்குக் காம் 5 என்று பெயர் வைத்தது. மென்பொருளின் அமைப்புக் கோப்பில் 1 என்று இருந்ததை 5 ஆக்கினேன். எடை வந்தது, நான் கிளம்பிவிட்டேன்.

அந்தக் கணினியில் வேறு சில சீரியல் போர்ட்டுகளும் இருந்ததை நான் அன்று கவனித்திருக்க வேண்டும். வெளியேறும் வழியில் உள்ள தடுப்புக் கம்பத்தை ஏற்றி இறக்க ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு (தனக்கென ஒரு நிரல் ஓடும் சுற்றுப் பலகை) யூஎஸ்பியில் தொங்கியது; அது காம் 6. உரிமையாளர் எப்போதோ இணைத்த ப்ளூடூத் சீட்டுப் பிரிண்டர் ஒன்றுக்காக விண்டோஸ் இரண்டு போர்ட்டுகளை உருவாக்கி வைத்திருந்தது: வெளியே போக ஒன்று, உள்ளே வர ஒன்று. அவை காம் 3, காம் 4. அந்தப் பிரிண்டர் பல மாதங்களாக யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

## முதல் நிகழ்வு: இரண்டு லாரிக்கு ஒரே எடை

அந்த வருட ஆகஸ்டில் ஒரு சாயங்காலம். நல்ல மழை, ஜன்னல் வழியாகத் தண்ணீர் மேஜைக்கு வந்துவிட்டது. உதவிக்கு இருக்கும் பையன் கணினியை நகர்த்தித் துடைத்தான். அப்போது பின்பக்கம் இருந்த கேபிள் கழன்றது. பொறுப்பாக அதை எடுத்து, கைக்கு எட்டிய முன்பக்கச் சாக்கெட்டில் செருகிவிட்டான். அவன் மேல் எந்தத் தப்பும் இல்லை. யூஎஸ்பி சாக்கெட் எதுவானாலும் ஒன்றுதான் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம்.

கொஞ்ச நேரம் கழித்து அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, இப்ப ரெண்டு லாரிக்கும் 23,480-னு வந்திருக்கு. ஒண்ணு பத்து வீல், இன்னொண்ணு ஆறு வீலு."

"மேடையில இப்ப எந்த வண்டி நிக்குதுக்கா?"

"மேடை காலியா இருக்கு தம்பி. திரையில இப்பவும் 23,480 தான்."

அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காலி மேடையில் இருபத்து மூன்று டன். அக்கா கண்ணில் பட்டதால் ஒரு சீட்டோடு நின்றது. படாமல் போயிருந்தால் அன்றைய கணக்கு முழுக்க அந்த ஒரு எண்ணில் போயிருக்கும். யாரோ ஒரு வியாபாரி தன் இரும்புக்குக் காசு குறைவாக வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

மென்பொருளை மூடித் திறக்கச் சொன்னேன். எடை 0 என்று நின்றது. இணைந்த கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து படிக்கச் சொன்னேன்: காம் 3, 4, 6, 7. காம் 5 இல்லவே இல்லை. அமைப்பில் ஒவ்வொரு எண்ணாக மாற்றிப் பார்த்து, கடைசியில் 7-இல் எடை வந்தது. இதற்கு 40 நிமிடம் ஆனது. ஆறு லாரிகள் மழையில் காத்திருந்தன.

## முதலில் கண்டது

இரண்டு கோளாறுகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன.

ஒன்று, எண் மாறியது. யூஎஸ்பி கருவிகள் சிலவற்றுக்கு உள்ளேயே தனி வரிசை எண் உண்டு. அப்படி இருந்தால் எந்தச் சாக்கெட்டில் செருகினாலும் விண்டோஸ் அதை அடையாளம் கண்டு அதே காம் எண்ணைத் தரும். நாங்கள் வாங்கிய கேபிளில் இருந்தது சிஎச்340 வகைச் சில்லு. அதில் வரிசை எண் கிடையாது. ஆகவே விண்டோஸுக்கு அடையாளம் சாக்கெட்தான். சாக்கெட் மாறினால் அது புதுக் கருவி, புது எண். பழைய எண்ணும் ஒதுக்கப்பட்டதாகவே பதிவில் இருக்கும். கேபிளை இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் எண் ஏறிக்கொண்டே போவது இதனால்தான். இந்தப் பழைய மென்பொருளில் போர்ட்டோடு பேசும் பகுதியான எம்எஸ்காம் கன்ட்ரோல் காம் 16 வரைதான் ஏற்கும். அதைத் தாண்டினால் போர்ட் இருந்தும் பயனில்லை.

இரண்டாவது இதைவிட மோசம். கேபிள் கழன்றபோது மென்பொருள் கடைசியாக வந்த எடையைத் திரையில் அப்படியே வைத்திருந்தது. தரவு வருகிறதா, எப்போது வந்தது என்று அது பார்க்கவே இல்லை. மறுபடி திறந்தபோது காம் 5 கிடைக்காத பிழையையும் விழுங்கிவிட்டு 0 காட்டியது.

அன்று நான் முதல் கோளாறில்தான் குறியாக இருந்தேன். இரண்டாவதை "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளி வைத்தேன். வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

## முதல் திருத்தம்

"எண்ணை நாம ஏன் சொல்லணும், அதுவே தேடிக்கக் கூடாதா?" என்று உரிமையாளர் கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு நாளில் எழுதிவிட்டேன். மென்பொருள் தொடங்கும்போது காம் 1 முதல் 16 வரை ஒவ்வொன்றையும் திறக்கும்; 2400 பாட்டில் மூன்று நொடி கேட்கும்; பிறகு மூடித் திறந்து 9600-இல் மூன்று நொடி கேட்கும். இலக்கம் உள்ள வரி எங்கே வருகிறதோ அதுவே எடை போர்ட்.

என் வீட்டு மேஜையில் அழகாக வேலை செய்தது. அங்கே இருந்தது ஒரே ஒரு கேபிள்.

## இரண்டாம் நிகழ்வு: கம்பம் தானாக இறங்கியது

மறுநாள் காலை பீன்யாவில் நிறுவினேன். மென்பொருளைத் திறந்ததும் காம் 3-இல் நின்றுவிட்டது. ப்ளூடூத்தின் வெளிச்செல்லும் போர்ட்டைத் திறப்பதே அந்தக் கருவியோடு இணைய முயல்வதுதான். அருகில் இல்லாத பிரிண்டரைத் தேடிப் பல நொடிகள் காத்துவிட்டுப் பிழையோடு திரும்பியது. சரி, இதைச் சகித்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது வெளியே சத்தம்.

தடுப்புக் கம்பம் இறங்கியிருந்தது. எடை போட்டு முடித்த லாரி ஒன்று அதன் கீழே பாதி கடந்திருந்தது. கம்பம் அதன் பக்கக் கண்ணாடியில் விழுந்து கண்ணாடி உடைந்தது. கிளீனர் பையன் வண்டியின் அந்தப் பக்கம்தான் நின்றிருந்தான். இரண்டு அடி தள்ளி. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை எழுதும்போதும் அந்த இரண்டு அடிதான் முதலில் ஞாபகம் வருகிறது.

காரணம் என் தேடல். சீரியல் போர்ட்டைத் திறக்கும்போது டிடிஆர் என்ற கம்பியின் நிலை மாறும். மோடம் காலத்தில் "கணினி தயார்" என்று சொல்ல வந்த கம்பி அது. இந்த மாதிரி மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளில் புது நிரல் ஏற்ற வசதியாக அதே கம்பியை ரீசெட்டோடு இணைத்திருப்பார்கள். நான் காம் 6-ஐத் திறந்தேன், போர்டு ரீசெட் ஆனது. ரீசெட் ஆகும்போது அதன் பின்கள் எந்தப் பக்கமும் இழுக்கப்படாமல் மிதக்கும். ரிலே என்ற மின் சுவிட்ச் அதை "இறக்கு" என்று எடுத்துக்கொண்டது. இரண்டு வேகத்துக்காக இரண்டு முறை திறந்ததால் இரண்டு முறை ரீசெட்.

அதோடு நிற்கவில்லை. போர்டு மறுபடி கிளம்பும்போது தன் நிரலின் பதிப்பு எண்ணை ஒரு வரியாக அனுப்பியது. அதில் இலக்கம் இருந்தது. மென்பொருள் அதையே எடை போர்ட் என்று பிடித்துக்கொண்டு, காம் 7 வரை போகவே இல்லை.

அன்றே பழைய பதிப்புக்குத் திரும்பினோம். கண்ணாடிக்கான பணத்தை நான் கொடுத்தேன். அமைப்பில் 7 என்று எழுதி, கேபிளை அந்தச் சாக்கெட்டில் டேப் போட்டு ஒட்டிவிட்டு வந்தேன்.

## மறுபடி முதலிலிருந்து

வீட்டுக்கு வந்து யோசித்ததில் நான் மூன்று கேள்விகளை ஒன்றாகக் குழப்பியிருந்தது புரிந்தது. போர்ட் இருக்கிறதா? அதைத் திறக்க முடியுமா? அதன் மறுமுனையில் நமக்கு வேண்டிய கருவி பேசுகிறதா? ஒவ்வொன்றுக்கும் விடை கிடைக்கும் இடம் வேறு.

முதல் கேள்விக்கு எதையும் திறக்க வேண்டியதே இல்லை. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஹார்டுவேர் கிளையின் டிவைஸ்மேப் பகுதிக்குள் சீரியல்காம் என்ற இடம் உண்டு. இப்போது உயிரோடு இருக்கும் போர்ட்டுகளின் பெயர்களைச் சீரியல் டிரைவர்கள் (கருவியை இயக்கும் விண்டோஸ் நிரல்கள்) அங்கே எழுதி வைக்கின்றன. டாட்நெட்டில் எழுதுகிறவர்களுக்குக் கெட்போர்ட்நேம்ஸ் என்ற அழைப்பு தருவதும் அந்தப் பட்டியல்தான். பெயர் மட்டும்தான் கிடைக்கும்; எது யாருடையது என்று தெரியாது. அதற்குச் செட்டப் ஏபிஐ என்ற விண்டோஸ் வசதி வேண்டும். போர்ட் வகைக் கருவிகளில் தற்போது இணைந்திருப்பவற்றை மட்டும் கேட்டால், ஒவ்வொன்றுக்கும் முழுப் பெயர், ப்ளூடூத்தா யூஎஸ்பியா என்ற விவரம், யூஎஸ்பி என்றால் தயாரிப்பாளர் எண், பொருள் எண், வரிசை எண் எல்லாம் வரும். பைத்தானில் எழுதுகிறவர்களுக்குப் பைசீரியல் நூலகத்தின் காம்போர்ட்ஸ் இதையே சுலபமாகத் தருகிறது.

இரண்டாம் கேள்விக்குத் திறந்துதான் பார்க்க வேண்டும். ஆனால் தோல்வி எண்ணைப் படிக்க வேண்டும். பிழை 2 என்றால் அப்படி ஒரு போர்ட் இல்லை. பிழை 5 என்றால் இருக்கிறது, வேறு நிரல் பிடித்திருக்கிறது; சீரியல் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒருவர்தான் வைத்திருக்க முடியும். பிழை 31 என்றால் கருவி பெயருக்கு இருக்கிறது, இயங்கவில்லை. மூன்றையும் "போர்ட் கிடைக்கவில்லை" என்று ஒரே செய்தியாகக் காட்டினால் அக்காவால் எதுவும் செய்ய முடியாது. போர்ட்டைத் திறக்கும் விண்டோஸ் அழைப்பான கிரியேட்ஃபைலை நேரடியாகப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொன்று: காம் 10-இலிருந்து பெயருக்கு முன்னால் \\.\ சேர்க்காவிட்டால் போர்ட் இருந்தாலும் "இல்லை" என்றே பதில் வரும்.

மூன்றாம் கேள்விதான் கஷ்டம். யூஎஸ்பி கேபிள் இருப்பது கணினிக்குத் தெரியும்; அதன் 9 பின் முனை இண்டிகேட்டரில் செருகியிருக்கிறதா, மேஜைக்கு அடியில் தொங்குகிறதா என்பது தெரியாது. எங்கள் கேபிளில் அனுப்ப, வாங்க, தரை என மூன்று கம்பிகள்தான். எதிர்முனை தயாரா என்று சொல்லும் கம்பிகள் இணைக்கப்படவே இல்லை. ஆகவே வரும் தரவைக் கேட்பது ஒன்றே வழி.

## எடுத்த முடிவுகள்

தெரியாததைத் திறப்பதில்லை. ப்ளூடூத் போர்ட்டுகளை மென்பொருள் தொடாது. யூஎஸ்பியிலும் நான் எழுதி வைத்த பட்டியலில் உள்ள அடையாளம் கொண்டதை மட்டுமே திறக்கும். டிடிஆரை அணைத்துவிட்டுத் திறந்தால் போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். சோதித்தேன். சில டிரைவர்களில் நம் அமைப்பு போய்ச் சேரும் முன்பே, திறக்கும் கணத்தில் அந்தக் கம்பி ஒரு முறை அசைந்துவிடுகிறது. ஒரு முறை அசைந்தால் ரீசெட் ஆக அது போதும்.

கேபிளை மாற்றினோம். இதைச் செய்யாமல் மேலே சொன்னது நடக்காது. ஏனென்றால் கம்பத்தின் போர்டிலும் அதே சிஎச்340 சில்லு. இரண்டுக்கும் தயாரிப்பாளர் எண் 1ஏ86, பொருள் எண் 7523, இரண்டிலும் வரிசை எண் இல்லை. மென்பொருளின் கண்ணுக்கு அவை இரட்டைப் பிள்ளைகள். எடைக்குத் தனி வரிசை எண் உள்ள எஃப்டிடிஐ சில்லுக் கேபிள் வாங்கினோம். அதன் அடையாளம் 0403, 6001. விலை கூடுதல்தான். ஆறு லாரி 40 நிமிடம் நின்றதை ஞாபகப்படுத்தியதும் உரிமையாளர் மறு பேச்சுப் பேசவில்லை. அமைப்புக் கோப்பில் காம் எண் இப்போது கிடையாது, கேபிளின் வரிசை எண் இருக்கிறது.

இலக்கம் இருந்தால் எடை என்று நம்புவதில்லை. வரியின் தொடக்கக் குறி, கூட்டல் அல்லது கழித்தல் குறி, சரியான இலக்க எண்ணிக்கை, முடிவுக் குறி என எல்லாம் பொருந்தும் வரி தொடர்ந்து ஐந்து வர வேண்டும். நொடிக்கு 20 வரி வரும் இடத்தில் இது கால் நொடி வேலை. வேகம் தவறாக இருந்தால் குப்பைதான் வரும், அது இந்தச் சோதனையில் தேறாது.

முதல் முறை மனிதர் பார்த்துச் சொல்ல வேண்டும். புதுக் கேபிள் கிடைத்தால் மென்பொருள் எடையைக் காட்டி, "இண்டிகேட்டரில் தெரியும் எண்ணும் இதுதானா?" என்று தமிழில் கேட்கும். அக்கா ஆம் என்ற பிறகுதான் அந்த வரிசை எண் சேமிக்கப்படும். எல்லாவற்றையும் தானாகச் செய்ய வேண்டும் என்ற ஆசையை இங்கே விட்டுவிட்டேன். மேடையைக் கண்ணால் பார்க்கிறவர் அவர் ஒருவர்தான்.

இரண்டு நொடி எடை வராவிட்டால் திரையில் எண் இருக்காது. கோடுகள் மட்டும் தெரியும், சீட்டு அடிக்கும் பொத்தான் பூட்டிக்கொள்ளும். கேபிளைக் கழற்றினால் விண்டோஸ் அனுப்பும் அறிவிப்பைக் கேட்டு உடனே போர்ட்டை மூடிவிடும். மூடாமல் பிடித்துக்கொண்டிருந்தால், டிரைவரைப் பொறுத்து, மறுபடி செருகும்போது அந்தப் பெயர் திரும்பக் கிடைக்காமல் சிக்கிக்கொள்வதும் உண்டு.

கம்பத்தின் பக்கமும் வேலை இருந்தது. யாரோ ஒருவருடைய நிரல் ஒரு போர்ட்டைத் திறந்ததற்காக கம்பம் இறங்கக் கூடாது. ரிலே பின்னில் 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றைப் போட்டு, ரீசெட் நேரத்தில் அது அணைந்த நிலையிலேயே நிற்கும்படி ஒரு எலக்ட்ரீஷியன் செய்து கொடுத்தார். பத்து நிமிட வேலை.

## பிறகு நடந்தது

அக்டோபரில் புதுப் பதிப்பை நிறுவினேன். இம்முறை லாரி எதுவும் உள்ளே இல்லாத நேரத்தில், கம்பத்தைச் சங்கிலியால் கட்டிவிட்டு. கேபிளை நான்கு சாக்கெட்டிலும் மாற்றி மாற்றிச் செருகினோம். ஒவ்வொரு முறையும் எடை வந்தது. 9 பின் முனையைக் கழற்றினோம், திரை கோடாகியது. அக்கா தானே இரண்டு முறை கழற்றிப் பார்த்துவிட்டு, "இப்ப நம்பலாம்" என்றார்.

டிசம்பரில் ஒரு நாள் காலை திரையில் "போர்ட்டை வேறு நிரல் பிடித்திருக்கிறது" என்று வந்தது. பிழை 5. பழைய மென்பொருளின் குறுக்குவழி தொடக்கப் பட்டியலில் இருந்ததை நான் நீக்க மறந்திருந்தேன். புதுப் பதிப்பு தகராறு செய்தால் உதவட்டும் என்று பழையதன் அமைப்பில் நானே புதுக் கேபிளின் காம் எண்ணை எழுதி வைத்திருந்தேன். கரண்ட் போய் வந்ததும் அது முந்திக்கொண்டு போர்ட்டைப் பிடித்துவிட்டது. அக்கா செய்தியைப் படித்து, எந்த நிரல் என்று பார்த்து, அதை மூடிவிட்டுத்தான் எனக்கே சொன்னார். மூன்று நிமிடம். ஆகஸ்டில் 40 நிமிடம் ஆன இடம் இது.

## மாற்ற நினைப்பவை

புதுக் கணினி வந்த அன்றே டிவைஸ் மேனேஜரில் உள்ள ஒவ்வொரு போர்ட்டும் யாருடையது என்று தாளில் எழுதியிருக்க வேண்டும். காம் 6 கம்பத்துக்குரியது என்று ஒரு வரி இருந்திருந்தால் அந்தத் தேடலை நான் அப்படி எழுதியிருக்கவே மாட்டேன். இப்போது போகும் இடமெல்லாம் அந்தத் தாளை எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டுகிறேன்.

திரையில் எண் உறைந்து நிற்பதை அன்றைக்கே சரிசெய்திருக்க வேண்டும். போர்ட் கிடைக்காதது வேலையை நிறுத்தும். பழைய எண்ணைப் புதிது போலக் காட்டுவது ஒருவர் காசை இன்னொருவருக்குக் கொடுத்துவிடும்.

பொம்மசந்திராவில் நான் பார்த்துக்கொள்ளும் இன்னொரு மேடை லினக்ஸில் ஓடுகிறது. அங்கே டிடிஒய்எஸ்0, டிடிஒய்எஸ்1 என்ற சீரியல் போர்ட் பெயர்கள் பின்னால் வன்பொருள் இல்லாமலேயே இருக்கலாம். பெயரைப் பார்த்து நம்ப முடியாது. யூஎஸ்பி கேபிள்களுக்கு டெவ், சீரியல், பை-ஐடி என்ற அடைவில் வரிசை எண்ணோடு கூடிய நிலையான பெயர் கிடைக்கிறது, அதையே அமைப்பில் எழுதியிருக்கிறேன். ஆனால் உறைந்த எண்ணைத் துடைக்கும் மாற்றம் அங்கே இன்னும் போகவில்லை. வரும் ஞாயிறு மேடைக்கு விடுமுறை. அன்று அதை முடித்துவிட்டு, அங்கேயும் கேபிளைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும்.